எங்கெங்க நிக்கலாம்

நிக்கவே வேண்டாங்க, நேரா மேல போயிரலாம்னு சொன்னது நான்தான், என்ற வாயை யாரும் புடிச்சுத் தெறந்து சொல்ல வெக்கல. இவரு நல்ல மனசோடதான் கேட்டாரு. காலைல பொள்ளாச்சி பேக்கரில உக்காந்து இஞ்சி டீயை உறிஞ்சிக்கிட்டே, "அம்முணி, வால்பாறை போற வரைக்கும் எங்கெங்க நிக்கலாம்னு நீயே சொல்லு, நீ சொல்ற எடத்துல எல்லாம் வண்டிய நிறுத்தறேன்"னாரு. அம்பது வயசுக்கு மேல ஆச்சு, எத்தனையோ வண்டில ஏறி எறங்கியிருக்கறேன், எங்க நிக்கலாம்னு என்னைய ஒருத்தரும் கேட்டதில்ல. இவரே வெரலை மடக்கி மடக்கி எடமாச் சொன்னாரு, ஆழியாறு டேம்ல பார்க் இருக்குது, மீனு சுடச்சுட வறுத்துத் தருவாங்க, தாண்டுனா குரங்கருவி, அப்பறம் ஒம்பதாவது வளைவுல நின்னு பாத்தா டேமுத் தண்ணி மொத்தமும் கீழ கெடக்கறது தெரியும், அதுக்கும் மேல அட்டகட்டி. ஒவ்வொண்ணுக்கும் நான் வேண்டாங்க, வேண்டாங்க. எல்லா வெரலும் மடங்கிப் போச்சு. மடங்குன கையைப் பாத்துக்கிட்டே சொன்னாரு, "சரி. மேல ரெண்டு நாள் இருந்து பாப்பம். அப்பவும் உனக்கு என்ற கூட ஒட்டலைன்னா சொல்லீரு அம்முணி, மேகலா வூட்டுல கொண்டி உட்டர்றேன். எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல." வருத்தமில்லைன்னு சொன்ன மனுசன் கண்ணைத் தொடச்சுக்கிட்டு, டீ ரொம்பச் சூடுன்னாரு. டீ ஆறி ஆடை கட்டியிருந்துச்சு. மேகலா என்ற மக, திருப்பூர்ல இருக்கறா, எங்க ரெண்டு பேரையும் சேத்து வெச்சதே அவதான், கல்யாணமாகி மூணு மாசந்தான் ஆகுது, அதுக்குள்ள கொண்டி உடற பேச்சு. வாயைத் தெறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கோணுமா இல்லையா? நான் என்ன பண்ணுனேன், மிச்ச டீயை ஒரே மடக்குல குடிச்சுட்டு எந்திரிச்சேன். அந்த டீதான் இப்ப வேலையக் காட்டுது. நேத்துப் பொழுதோட இருந்து சொட்டுத் தண்ணி தொடாம இருந்தவ நான், வண்டி ஏறப்போற நாள்ல எந்தப் பொம்பளை தண்ணி குடிப்பா, அந்த டீயை மட்டும் ஏன் குடிச்சேன், டீன்னா நேராக் கீழதான் போவும். ஆழியாறு செக்போஸ்ட்ல வண்டிக வரிசையா நிக்குது, அக்கட்ட டேமுத் தண்ணி பளபளன்னு கெடக்குது, தண்ணியப் பாத்தா இன்னும் மோசம். கண்ணை மூடிக்கிட்டேன்.

"ஏனுங்க, பிளாஸ்டிக் ஏதாச்சு வெச்சிருக்கறீங்களா?" ஃபாரஸ்ட்டுக்காரரு ஜன்னல்ல குனிஞ்சு கேக்கறாரு. இவரு ரொம்ப அடக்கமா, "பல்லுசெட்டு ஒண்ணு இருக்குதுங்க, அதையும் கழட்டி வெச்சுட்டுப் போகோணுங்களா?"ங்கறாரு. ஃபாரஸ்ட்டுக்காரரு கம்பத்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கறாரு. எனக்கும் பொங்கிக்கிட்டு வருது, ஐயோ சாமி, வேண்டாம், பல்லைக் கடி, கட்டவெரலை மடக்கு, செத்துப்போன யாரையாச்சு நெனை, நான் மூஞ்சியக் கல்லாக்கி முன்னால நிக்கற லாரியவே பாக்கறேன். இவரு ஓரப்பார்வைல என்னையப் பாக்கறாரு, பாத்ததும் இவரு மூஞ்சில இருந்த சிரிப்பு சுருங்குது, அது சுருங்கறதையும் நான் பாக்கறேன். "வழில எங்கயும் எறங்கீராதீங்க, வெடியால ஆனை ரோட்லயே நின்னுச்சு, ஒம்பதாவது வளைவு வியூ பாயிண்ட்ட உட்டா அட்டகட்டிதான்"னு சொல்லி அவரு கட்டையத் தூக்கி உடறாரு. போச்சு. இங்க எறங்கியிருக்கலாம், பார்க்குல கக்கூஸ் இருக்குது, கதவு இருக்குது, தாழ்ப்பாள் இருக்குது. ஏனுங்க சித்த நிறுத்துங்கன்னு ஒரு வார்த்தை. அந்த வார்த்தைய மனசுல கோத்து முடிக்கறதுக்குள்ள வண்டி கட்டையத் தாண்டி வந்துருச்சு, இனி தும்பை உட்டு வாலைப் புடிக்கற கதைதான். மலை வந்துருச்சு. மொதல் வளைவுல மஞ்சப் போர்டு நிக்குது, நாப்பதுல ஒண்ணாம். இன்னும் முப்பத்தொம்பது இருக்குதுன்னு மூஞ்சிக்கு நேரா எழுதி வெச்சிருக்கறான் புண்ணியவான்.

ஏன் சொல்ல முடியல. இவருகிட்டச் சொல்ல முடியாததுக்கு இவரு காரணமில்ல, அவருதான் காரணம். அவருன்னா சென்னியப்பன், மேகலாளோட அப்பன், போயி வருசம் ஆறாச்சு. இவருன்னா நாச்சிமுத்து. புருசன் பேரைச் சொல்லக் கூடாதும்பாங்க, மனசுக்குள்ள சொன்னா யாருக்குக் கேக்கப் போவுது, ரெண்டு பேரு இருக்கறப்பப் பேரு சொன்னாத்தான் எனக்கே வெளங்குது. அவரு டூரிஸ்ட் வேன் வெச்சிருந்தாரு. ஏறிட்டா எறங்கற எடத்துலதான் நிக்கும். பின்னால பொம்பளைக கெஞ்சுவாங்க, அண்ணா, சித்த நிறுத்துங்கண்ணா, கொழந்தைக்குண்ணா, கொழந்தைக்குன்னு சொல்றதெல்லாம் பெரியவங்களுக்குத்தான். அவரு கண்ணாடில பாத்துக்கிட்டே, அடுத்த ஊர்ல நிறுத்தறேம்பாரு. அடுத்த ஊரு வரும், போவும், அதுக்கு அடுத்த ஊரு. ஒருக்கா திருச்செந்தூர் போறப்ப நானும் கேட்டேன், மேகலா வயித்துல ஆறு மாசம், கேட்டதுக்கு எனக்கும் அடுத்த ஊருதான். கோவில்பட்டி போச்சு, அப்பறம் என்னமோ ஒரு ஊரு, நான் சேலைத் தலப்பை வாயில கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், அப்பத்தான் அவரு எல்லாருக்கும் கேக்கறாப்பல சொன்னாரு, "என்ற வூட்டுக்காரியப் பாருங்க, வாயும் வயிறுமா இருக்கறா, எங்கயாச்சு நிறுத்துன்னு ஒரு வார்த்தை கேக்கறாளா? மெட்ராசு வரைக்கும் அசைய மாட்டா. பொம்பளைன்னா அப்படி இருக்கோணும்." கேட்டேன், அவருக்குக் காதுல உழுகல. ஆனா வேனே திரும்பி என்னையப் பாத்துச்சு. சொல்லவே வெக்கமா இருக்குது, எனக்குக் குளுந்து போச்சு. மொதல் தடவையா என்ற புருசன் நாலு பேரு முன்னால என்னையப் பெருமையாப் பேசுனாரு. நான் சமைச்சதைப் பேசுனதில்ல, பின்னால மகளைப் படிக்க வெச்சதைப் பேசுனதில்ல, அவரு அப்பன் படுக்கைல கெடந்தப்ப எட்டு மாசம் எல்லாம் எடுத்துப் போட்டதைப் பேசுனதில்ல, மூத்திரத்தை அடக்குனதைப் பேசுனாரு. அந்த ஒரு பேச்சுக்காக அதுக்கப்பறம் வருசக்கணக்கா மொத நாளே தண்ணிய நிறுத்திக்குவேன். சிறுநீர்ல கிருமின்னு காச்சல் வந்து கெடந்தேன், டாக்டரம்மா திட்டுனாங்க, அப்பவும் அடுத்த பயணத்துக்கு அதேதான். கெட்டவரில்ல அவரு. அடிச்சதில்ல, குடிச்சதில்ல. நிறுத்த மாட்டாரு, அவ்வளவுதான்.

வண்டி வளைஞ்சு வளைஞ்சு ஏறுது, ஒவ்வொரு திருப்பத்துலயும் வயிறு ஒரு பக்கமா உருளுது, எதுக்கால ஒரு பஸ்ஸு ஆரனை அமுத்திக்கிட்டு எறங்குது, இவரு ஒதுங்கி நிக்கறாரு, பஸ் டிரைவரு கையைத் தூக்கறாரு, இவரும் தூக்கறாரு, இந்த ரோட்டுல போற வர்ற டிரைவரு பாதிப் பேரு இவருக்குப் பழக்கம், மேல எஸ்டேட் பேக்டரில டீத்தூள் பக்குவம் பாக்கற டீமேக்கரா இருந்து ரிட்டயரு ஆன ஆளு. கதவு ஓரத்துல தலை சாச்சுக்கிட்டு, ரெண்டு தொடையையும் இறுக்கிக்கிட்டு, நான் சீட்டைப் பாக்கறேன். புதுசா கவரு தெச்சுப் போட்டிருக்கறாரு, எனக்காகவே, சந்தனக் கலரு. வேற கலரே கெடைக்கலையா மனுசனுக்கு. கர்ப்பப்பைய எடுத்ததுல இருந்துதான் இந்த வம்பு. இருமுனாப் போச்சு, தும்முனாப் போச்சு, சிரிச்சா நிச்சயமாப் போச்சு. இருமலை மாத்திரை போட்டு நிறுத்தலாம், சிரிப்பை என்ன பண்றது. அவரு இருந்த வரைக்கும் அந்தத் தொல்லை இருந்ததில்ல, அந்த வூட்டுல சிரிக்கறதுக்கு என்ன இருந்துச்சு. இவரு வந்து சேந்தாரு பாரு, கோயமுத்தூர்க் குசும்பு மொத்தத்தையும் ஒத்தை ஆளாக் குத்தகைக்கு எடுத்தவரு. ரிஜிஸ்தர் ஆபீஸ்ல கிளார்க்கு நிமுந்து பாத்து மாப்பிள்ளை யாருங்கன்னு கேட்டதுக்கு, "பவுடர் போட்டுட்டு இருக்கறானுங்க, சித்த நேரத்துல வந்துருவான்"னுட்டு நிக்கறாரு. மேகலா தரையில உக்காந்து சிரிக்கறா. நான் மட்டும் எழவு வூட்டுல நிக்கறாப்பல நிக்கறேன், போட்டோல பாத்தாத் தெரியும், மணப்பொண்ணு மூஞ்சியா அது. போன வாரம் இட்டிலி சித்த கெட்டியாப் போச்சு. ஒண்ணை எடுத்துக் கையில எடை பாத்துட்டு, "அம்முணி, இதுல நாலு எடுத்து டிக்கில போட்டு வெய்யி, மலை ஏத்தத்துல வண்டி பின்னால உருளாம சக்கரத்துக்கு அடில குடுக்கலாம்"ங்கறாரு. நான் வெடுக்குனு திரும்பி அடுப்பைப் பாத்து நின்னுட்டேன், மூச்சை அடக்கி, தொடைய அடக்கி, கண்ணுல தண்ணி வந்துருச்சு. முதுகுக்குப் பின்னால தட்டை நகத்தற சத்தம். அப்பறம், "தப்பா எடுத்துக்காத அம்முணி, வெளையாட்டுக்குச் சொன்னேன், இட்டிலி நல்லாத்தான் இருக்குது"ன்னு மெதுவாச் சொல்லிட்டு அத்தனையும் தின்னாரு. கெட்டியான இட்டிலி ஒம்பதைத் தின்ன மனுசன் மத்தியானம் சோறே திங்கல.

இன்னைக்கு வெடியால மேகலா கூப்புட்டா. "அம்மா, நேத்து அவரு எனக்கு போன் பண்ணுனாரு, உங்கம்மாளுக்கு என்னையப் புடிக்கலியா கண்ணுன்னு கேக்கறாரும்மா, நான் என்ன சொல்லட்டும், மூணு மாசமா ஒருக்காக் கூட நீ சிரிச்சதில்லையாம், மலைக்குக் கூட்டிட்டுப் போறேன் அங்கயாச்சுச் சிரிக்கறாளான்னு பாக்கறேங்கறாரு." நான், பயணத்துக்கு நேரமாச்சு அப்பறம் பேசறேன்னு வெச்சுட்டேன். மகளுக்கே தெரியாது இந்த விசியம். யாருக்குத் தெரியும்? டாக்டரம்மாளுக்குத் தெரியும், பாதிப் பொம்பளைகளுக்கு இருக்கறதுதான், பயிற்சி பண்ணுனாச் சரியாப் போவும், இல்லைன்னா ஒரு சின்ன ஆப்பரேசன்னாங்க. பாதிப் பொம்பளைகளுக்கு இருக்குதாம், ஆனா ஒருத்தி கூடச் சொன்னதில்ல, கல்யாண வூட்டுல, காது குத்துல, வரிசையா உக்காந்திருக்கறோம், பாதிப் பேரு அடக்கிக்கிட்டு. ஏனுங்க. "என்ன அம்முணி?" ஐயோ, வாய்விட்டுச் சொல்லிப் போட்டனா. "ஒண்ணுமில்லீங்க." "சொல்லு அம்முணி." "ஒண்ணுமில்லீங்க, ரோடு நல்லாருக்குதுங்க." ரோடு நல்லாருக்குதாம், பாரு என்ற வாயை, இதைச் சொல்றதுக்கா கூப்புட்டேன். ஒண்ணுக்கு வருதுங்க. மனசுல சொல்லிப் பாத்தா சுளுவாத்தான் இருக்குது. அவசரமுங்க. பாத்ரூம் போகோணுங்க. எப்படிச் சொன்னாலும் அதுக்கப்பறம் வர்றதுதான் பயம். நிறுத்த எடமில்லாத எடத்துல கேப்பாளா ஒருத்தி, பார்க்குல நிக்கலாமான்னு கேட்டப்ப வேண்டாம்னுட்டு. அதுவும் இல்ல, நெசமான பயம் வேற. இவரு முன்னாலயே இந்தச் சந்தனக் கலருல ஈரமாயிருச்சுன்னா, குப்புனு வாசம் வந்துருச்சுன்னா, அன்னைக்கு ரிஜிஸ்தர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்ட பொம்பளை இவதானான்னு நெனைப்பாரா மாட்டாரா. துணைக்குன்னு கட்டிக்கிட்டாரு, நோயாளியப் பாக்கறதுக்கா கட்டிக்கிட்டாரு. மொதல் சம்சாரம் மூணு வருசம் படுத்த படுக்கையாக் கெடந்து அத்தனையும் பாத்தவரு இவரு, மறுபடியும் அதேவா.

வண்டி மெதுவாகுது. ஒம்பதாவது வளைவு. சுவரோரமா நாலஞ்சு வண்டி நிக்குது, ஒரு கூட்டம் போட்டோ எடுக்குது, கல்லு மேல வரையாடு ஒண்ணு கழுத்தைத் திருப்பாம நிக்குது. "எறங்கலைன்னாலும் பரவால்ல, உக்காந்த மேனிக்கே ஒரு நிமிசம் பாக்கறியா?"ன்னு கேக்கறாரு. கீழ டேமு தெரியும்னாரு, பாக்கோணும்னு எனக்கு ஆசைதான், எத்தனை ஆசைன்னு இவருக்கு எப்படித் தெரியும், பொள்ளாச்சிக்கு இத்தனை பக்கத்துல இருந்து இந்த மலைய நான் ஏறுனதே இல்ல. ஆனா நின்னா எறங்கத் தோணும், எறங்கோணும்னாக் காலை அகட்டோணும், அங்க நாலு பேருக்கு முன்னால... தலைய ஆட்டிட்டேன். வேண்டாங்க. இவரு கியரை மாத்துறாரு. கண்ணாடி வழியா ஒரு துண்டுத் தண்ணி தெரிஞ்சு மறைஞ்சு போச்சு. இதுக்கப்பறம் இவரு ஒண்ணுமே பேசல. வழியெல்லாம் குறிப்புச் சொல்லிட்டு வந்த மனுசன், அது சோலை, இது சில்வர் ஓக்கு, இந்த வளைவுல ஒருக்கா லாரி கவுந்துச்சுன்னு, இப்ப வாயை மூடிக்கிட்டு ஸ்டியரிங்கைப் பாத்துட்டு ஓட்டறாரு. எனக்கு இந்த மௌனம் தெரியும். அவருகிட்ட வருசக்கணக்காப் பாத்த மௌனம், ஆனா அது கோவத்துல வர்றது. இது கோவமில்ல, இவரு தோத்துப் போயி ஓட்டறாரு. எனக்கு இவரைப் புடிச்சிருக்குது. அடக் கெரகமே, இதைச் சொல்றதுக்கு என்ன கேடு எனக்கு, எனக்கு இவரை ரொம்பப் புடிச்சிருக்குது. வெடியால நாலு தினுசுத் தூளுல டீ போட்டு நாலு டம்ளர்ல வெச்சு எது நல்லாருக்குதுன்னு கேட்டு என்ற மூஞ்சியவே பாத்துட்டு நிப்பாரு, மொதல்ல எனக்கு வெளங்கல, நான் எல்லாமே நல்லாருக்குதும்பேன், இப்பல்லாம் ரெண்டாவதுன்னு சொல்லப் பழகிட்டேன், சொன்னாச் சந்தோசமாயி அடுத்த நாளும் அதையே போடுவாரு. வெயில்ல கெடக்கற என்ற செருப்பை எடுத்து நெழல்ல போடுவாரு, நான் பாக்கறது தெரியாம. இந்த மனுசனை உட்டுட்டு மேகலா வூட்டுல போயி மூலைல உக்காந்து சீரியல் பாக்கறதா. அங்க ஒரு குறையும் வெக்க மாட்டா, மருமகனும் தங்கமான பையன், ஆனா அங்க நான் அம்மா, அத்தை, பேரப்புள்ளைகளுக்கு அம்மிச்சி. எங்க நிக்கலாம்னு கேக்க அங்க யாரிருக்கறா. இவரை உட்டுப்போட்டு நான் போக மாட்டேன், போக மாட்டேன்னு உள்ளுக்குள்ள கத்தறேன், வெளிய ஒரு சத்தமும் இல்ல, கழுத்துல வேர்வை, ஏசி போட்டிருக்கறப்பவே வேர்வை, இன்னொரு வளைவு, இன்னொரு மஞ்சப் போர்டு, கால் வெரலெல்லாம் செருப்புக்குள்ள சுருட்டிக்கிச்சு.

இவரு ஒரு அகலமான வளைவுல வண்டிய ஓரங்கட்டறாரு. எஞ்சின் ஓடிட்டே இருக்குது. முன்னாலயே பாத்துக்கிட்டுச் சொல்றாரு, "அம்முணி, இங்க திருப்பிக்கலாம், இதை உட்டா எடம் இல்ல. கீழயே போயிரலாமா? உன்னையக் கட்டாயப்படுத்திக் கூட்டிட்டு வந்துட்டேன்னு இருக்குது எனக்கு. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, நீ பல்லைக் கடிச்சுட்டு உக்காந்திருக்கறே. இன்னைக்கே திருப்பூர்ல உட்டர்றேன். மேகலாகிட்ட நானே பேசிக்கறேன், தப்பு என்ற பேர்லன்னு சொல்லிக்கறேன்." ஸ்டியரிங் மேல கை வெச்சுட்டாரு, திருப்பறதுக்கு, பெரிய கை, மயிரெல்லாம் நரைச்சுப் போன கை. இப்ப சொல்லலைன்னா எப்பச் சொல்லுவ வசந்தாமணி, செத்தப்பறமா. "திருப்பாதீங்க"ன்னேன். சத்தமா வந்துருச்சு, எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. "திருப்பாதீங்க, எனக்கு ஒண்ணுக்கு வருதுங்க. ஆழியாறுலயே வந்துருச்சுங்க, வெக்கப்பட்டுட்டுச் சொல்லல. பல்லைக் கடிச்சது அதுக்குத்தானுங்க. சிரிக்காததும் அதுக்குத்தானுங்க, ஆப்பரேசன் பண்ணுனதுல இருந்து சிரிச்சாப் போயிருதுங்க, நீங்க பேசறதுக்கெல்லாம் எனக்கு எப்படிச் சிரிப்பு வரும் தெரியுங்களா, அடுப்பைப் பாத்துட்டு நின்னேனே அன்னைக்கு, அழுவலீங்க, அந்த இட்டிலிக்கு அடக்குனேன் பாருங்க, சாமி, செத்தே போயிருப்பேன். எனக்கு உங்களைப் புடிச்சிருக்குதுங்க. நீங்க ஒண்ணு சொல்றதும் நான் ஒண்ணு அடக்கறதுமா மூணு மாசம் ஓடிப் போச்சுங்க. என்னைய எங்கயும் கொண்டி உடாதீங்க." மூச்சு வாங்குது. எல்லாம் வெளிய வந்துருச்சு, அது மட்டும் வெளிய வரல, இன்னும். இவரு பக்கம் திரும்பவே பயமா இருக்குது. வைப்பரு, யாரோ போட்டு உட்டாப்பல, ஒருக்கா ஆடி நிக்குது, மழையே இல்ல, இவரு கைதான் பட்டிருக்குது.

"ஆழியாறுலயா?"ங்கறாரு. ஆமாங்கன்னேன். "ஆழியாறுலதான் வந்துச்சா உனக்கு?" ஆமாங்க, ஆமாங்க. இவரு தலைய ஸ்டியரிங் மேல சாச்சுட்டாரு. "அட அம்முணி, எனக்குப் பொள்ளாச்சிலயே வந்துருச்சு." எனக்கு ஒண்ணும் வெளங்கல. அப்பறம் ஏனுங்க போகலைன்னு கேட்டதுக்கு நிமுந்தாரு, மூஞ்சி செவந்து போயி, "எப்படிப் போறது? இந்தப் புராஸ்டேட் எழவு வந்ததுல இருந்து போனா லேசுல வர்றதில்ல, நின்னு செவுத்தையே பாத்துட்டு இருக்கோணும், நீ ஒத்தைல உக்காந்து, போயும் போயும் ஒரு கெழவனைக் கட்டிக்கிட்டமேன்னு நெனைப்பீன்னு இருந்துட்டேன். வழில நாலஞ்சு எடம் நிக்கறாப்பல நீயே சொல்லுவே, உன்ற சாக்குல நானும் போயிக்கலாம்னுதான் எங்கெங்க நிக்கலாம்னு கேட்டேன். நீ நேரா போயிரலாங்கறயே தாயி! எனக்கு உசுரே போச்சு அந்த பேக்கரில!" கண்ணைத் தொடச்சாரே. டீ சூடுன்னாரே. அடங்கொப்புறானே, பாதிக் கண்ணீரு அதுக்கா. அவ்வளவுதான், எனக்குள்ள என்னமோ அறுந்துச்சு. சிரிச்சேன். வாயைப் பொத்துனேன், வெரலுக்கு எடைல வெளிய வருது, மூக்குல வருது, கண்ணுல வருது, கதவைப் புடிச்சேன், டேஷ்போர்டைப் புடிச்சேன், இவரு தோளைப் புடிச்சேன். இவரு வாயைப் பொளந்து என்னையப் பாக்கறாரு. "நீ சிரிச்சா இப்படித்தான் இருக்குமா?" எப்படீங்க இருக்குது? "முட்டை போட்ட கோழியாட்டக் கத்தறே." போச்சு. சுடச்சுட, கொஞ்சமா, அப்பறம் இன்னுங் கொஞ்சம். இத்தனை வருசம் எதுக்குப் பயந்தனோ அது நடந்துட்டிருக்குது, அது நடக்கறப்பவும் நான் சிரிச்சுட்டிருக்கறேன். "போச்சுங்க, நனைஞ்சு போச்சுங்க, உங்க சீட்டு." "போவட்டும் உடு. கவரு கடைக்காரன் ஒரு சொட்டுத் தண்ணி உள்ள எறங்காதுன்னு அவன் கொழந்தை மேல சத்தியம் பண்ணி வித்தான், அதையும் இன்னைக்குப் பாத்தர்லாம்." "ஏனுங்க, சிரிக்க வெக்காதீங்க!" "நான் எங்க சிரிக்க வெக்கறேன், நானே இங்க ஒத்தைக் கால்ல ஓட்டிட்டு இருக்கறேன்." பின் சீட்டுல கெடந்த துண்டை எடுத்து, என்னையப் பாக்காம, மடில போட்டாரு. வண்டி எப்பக் கெளம்புச்சுன்னே தெரியல. தேயிலை வந்துருச்சு, மஞ்சு எறங்கி ரோட்டுக்குக் குறுக்கால போவுது, இவரு வளைவுக்கு வளைவு ஆரனை அமுத்தறாரு, ஒவ்வொரு ஆரனுக்கும், "ஆத்தா, தாங்கிக்க, ஆத்தா, தாங்கிக்க"ங்கறாரு, சாமியக் கேக்கறாரா வேற எதையாச்சு கேக்கறாரா, எனக்கு வயிறு வலிக்குது, சிரிப்புல வலிக்குது.

அட்டகட்டில ஒரு டீக்கடை. இவரு வண்டிய நிறுத்துனாரா, போட்டுட்டுக் குதிச்சாரா, கதவு தெறந்த மேனிக்கே கெடக்குது. குளுரு மூஞ்சில அடிக்குது. என்ற சேலை பின்னால ஒட்டிக்கிட்டு இருக்குது, துண்டை இடுப்பைச் சுத்தி இறுக்கிட்டு நானும் எறங்கி வேகமா நடக்கறேன், நடையா அது, ஓட்டம். போண்டா தின்னுட்டிருந்த ரெண்டு பேரு எங்களையப் பாக்கறாங்க, அறுவது வயசு ஆம்பளையும் ஒரு பொம்பளையும் இடிச்சுக்கிட்டு வர்றதைப் பாத்தா யாருக்குமே வேடிக்கையாத்தான் இருக்கும். அடுப்புக்கு முன்னால நிக்கற கடைக்கார அம்மாகிட்ட இவரு மூச்சு வாங்கிட்டு, "அம்மா, பாத்ரூமுங்க"ன்னாரு. அவங்க மரக்கட்டைல கோத்த சாவி ஒண்ணை ஆணில இருந்து எடுத்தாங்க, பின்னால போயி எடக்கைப் பக்கம், ஒண்ணே ஒண்ணுதான் இருக்குதுன்னு சொல்லி, சாவிய நடுவுல நீட்டிட்டு எங்களை மாறி மாறிப் பாத்தாங்க, "யாருங்க மொதல்ல?" இவரு ஒரு கால்ல நின்னுக்கிட்டு, பாவம், மூஞ்சியெல்லாம் வேர்த்து, கையை என்ற பக்கம் காட்டப் பாக்கறாரு, மனசு வருது கை வரல. நான் எதையும் நெனைக்கல. "நாந்தானுங்க"ன்னு சாவியப் புடுங்கீட்டு ஓடுனேன். பூட்டு ஒரே திருப்புல தெறந்துச்சு. கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன். ஓடுல சின்னதா ஒரு கண்ணாடி, அது வழியா வெளிச்சம் உழுகுது, பக்கெட்ல தண்ணி ரொம்பிக் கெடக்குது, எங்கயோ பக்கத்துல ஓடைத் தண்ணி ஓடற சத்தம் கேக்குது, வெளிய இவரு செருப்பு தத்தக்கா பித்தக்கான்னு மண்ணை மிதிக்கறதும் கேக்குது. "அம்முணி, ஆச்சா?" இல்லீங்க. "அம்முணி, உன்ற கால்ல உழுகறேன், சீக்கிரம் வா தாயி." எனக்கு மறுபடியும் சிரிப்பு வந்துருச்சு, வரட்டும், இங்க வந்தா என்ன. "இருங்க"ன்னு உள்ள இருந்தே சொன்னேன். "நான் மெதுவாத்தான் வருவேன்."